ஒப்புவித்தல்: தனிப் பியானோ மேடையும் வாசகரின் தனிமையும்

1

'ரிசைட்டல்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது? கச்சேரி என்றால் பக்கவாத்தியம் கூடவே வந்துவிடுகிறது. தனிக்கச்சேரி என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் மூலச்சொல்லின் பழைய வாசனை அதில் இல்லை. ஆங்கிலத்தில் அது முதலில் இசை சம்பந்தப்பட்ட சொல்லே அல்ல. வாய்விட்டுச் சொல்வது, மனப்பாடமாக எடுத்துரைப்பது என்பதற்கான சொல். 1840 ஜூன் 9ஆம் தேதி லண்டன் ஹானோவர் ஸ்கொயர் அரங்கில் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் நிகழ்ச்சி அந்தப் பெயரில் விளம்பரமானபோது, பியானோவில் எப்படி ஐயா 'சொல்ல' முடியும் என்று பலரும் குழம்பியிருக்கிறார்கள். எனக்கு உடனே தோன்றுகிற தமிழ்ச்சொல் ஒப்புவித்தல். வாத்தியார் முன்னால் கைகட்டி நின்று பிள்ளை செய்யுளை ஒப்பிக்கிறதே, அது. ஆனால் ஒப்புவித்தல் என்றால் ஒன்றை இன்னொருவர் வசம் கையளிப்பது என்றும் பொருள் உண்டு. மெய்ப்பித்துக் காட்டுவது என்றும் உண்டு. மனப்பாடம், கையளிப்பு, நிரூபணம். ஒருவர் தனியாக மேடையேறி ஒன்றரை இரண்டு மணி நேரம் பியானோ வாசித்துவிட்டு இறங்குகிற இந்த வடிவத்துக்குள் மூன்றுமே உட்கார்ந்திருக்கின்றன.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வாத்தியத்தையும் வாசிக்கிறோம். ஐரோப்பியச் செவ்வியல் இசையைப் பொறுத்தவரை இதை வெறும் சிலேடை என்று ஒதுக்க முடியாது. அங்கே வாத்தியக்காரருக்கு முன்னால் எழுதப்பட்ட பிரதி ஒன்று இருக்கிறது. பீத்தோவன் எழுதி வைத்துவிட்டுப் போனதை இவர் வாசிக்கிறார். ஆசிரியர் வேறு, இவர் வேறு. அதாவது, பியானோ கலைஞர் முதலில் ஒரு வாசகர். இவ்வளவு வெளிப்படையான உண்மை மேடையில் எப்படி மறைந்துபோனது, வாசகர் எப்படி ஆசிரியர் வேஷம் கட்டிக்கொண்டார், அந்த வேஷத்துக்கு அவருடைய உடலும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால், 'மேதையின் தனிமை' என்று உருகிப் பேசப்படுகிற சமாச்சாரம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கிறது.

எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. தமிழ் எம்.ஏ. படித்தவன். இக்கட்டுரையில் வருகிற ஒருவரையும் நான் அரங்கில் உட்கார்ந்து கேட்டதில்லை. பாதிப் பேர் ஒலிப்பதிவு வருவதற்கு முன்பே செத்துப்போனவர்கள் அல்லது மேடையை விட்டு இறங்கியவர்கள். மற்றவர்களை ஒலிநாடாவிலும் பிறகு குறுந்தகட்டிலும் இப்போது தொலைபேசியிலும் கேட்டிருக்கிறேன். பிரதியையும் வாசிப்பையும் பற்றிப் பேசிப் பழகியவனின் பார்வை என்றே இதை முன்வைக்கிறேன்.

2

லிஸ்ட்டுக்கு முன்னால் ஒரு பியானோக்காரர் தன் பெயரில் நிகழ்ச்சி நடத்துவதென்றால் ஊரிலுள்ள பாடகி, வயலின்காரர், முடிந்தால் ஒரு வாத்தியக் குழு எல்லாரையும் கூட்ட வேண்டும். இவர் ரெண்டு மூன்று உருப்படி வாசிப்பார், நடுவில் இத்தாலிய ஓபராப் பாட்டு வரும், சிம்பொனியின் ஒரு பகுதி வரும், மறுபடி இவர் வருவார். கலவையான சாப்பாடு. 1839இல் ரோமில் லிஸ்ட் இதையெல்லாம் உதறிவிட்டுத் தனியாகவே முழு நிகழ்ச்சியையும் வாசித்தார். அதைத் தனிமொழி என்று வருணித்து எழுதிய கடிதத்தில் பதினான்காம் லூயி மன்னர் சொன்னதாக வழங்கும் வாசகத்தைத் திருப்பிப் போட்டு, கச்சேரி என்றால் நான்தான் என்கிற மாதிரி வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார். வேடிக்கைதான். ஆனால் அரசு என்றால் நான் என்ற முடியாட்சி வாசகம், பிரெஞ்சுப் புரட்சி நடந்து அரை நூற்றாண்டு கழிந்து, ஒரு பியானோக்காரர் வாயில் மறுபிறவி எடுக்கிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். முடி பறிபோன மன்னரின் காலி நாற்காலியில் கலைஞன் ஏறி உட்காருகிறான்.

லண்டன் நிகழ்ச்சியில் அவர் வாசித்தவற்றில் ஒன்று, பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியிலிருந்து அவரே பியானோவுக்கு மாற்றியமைத்த பகுதிகள். ஒரு முழு வாத்தியக் குழுவின் வேலையை இரண்டு கை செய்துவிடும் என்ற அறிவிப்பு அது. பியானோவைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, மூடியைக் கூட்டத்தை நோக்கித் திறந்துவைக்கிற ஏற்பாட்டையும் லிஸ்ட்தான் வழக்கமாக்கினார். (இவருக்கு முன்பே துஸ்ஸெக் இப்படி உட்கார்ந்தார் என்பார்கள்.) ஒலி நன்றாகப் பரவும் என்பது ஒரு காரணம். பக்கத்தோற்றம் தெரியும் என்பது இன்னொன்று. நாணயத்தில் அச்சடிப்பார்களே மன்னர் முகம், அந்தக் கோணம்.

ஆனால் இந்த ஆரம்பகால ஒப்புவித்தல் இன்று நாம் பதிவுகளில் பார்க்கிற இருட்டும் மௌனமும் கொண்டதாக இருக்கவில்லை. ஒரு உருப்படி முடிந்ததும் லிஸ்ட் மேடையை விட்டு இறங்கி, இருக்கைகளுக்கு நடுவே நடந்து, தெரிந்தவர்களிடம் பேசிவிட்டு மறுபடி ஏறுவார். மக்கள் கொடுத்த மெட்டை வைத்து அங்கேயே கற்பனை செய்து வாசிப்பார். தனியாக இருந்தார், தனிமைப்படவில்லை. மௌனமும் விலகலும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: தனிமை இந்த வடிவத்தின் இயல்பு என்றே பேசிப் பழகிவிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஒப்புவித்தல் என்று பெயர் சூட்டிய சில மாதங்களிலேயே லிஸ்ட் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஊர் ஊராகச் சுற்றினார். பாடகிகள், புல்லாங்குழல்காரர், நகைச்சுவைப் பாட்டுப் பாடுகிற ஜான் ஆர்லாண்டோ பாரி என்று ஒரு குழுவோடு. பாரியின் நாட்குறிப்பு இருக்கிறது. குளிர், கோச்சு வண்டி, பாதி காலியான மண்டபங்கள். குளோன்மெல் என்ற ஐரிஷ் ஊரில் ஹோட்டல் அறையிலேயே ஒரு சின்ன பியானோவை வைத்து, வந்திருந்த சிறு கூட்டத்துக்கு வாசித்திருக்கிறார்கள். பயணம் நஷ்டத்தில் முடிந்தது. பெர்லினில் 1842இல் ஆறு வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் ஊர்வலமாக வழியனுப்பப்பட்ட அதே மனிதர்தான் இவர். வரலாறு குதிரைகளை ஞாபகம் வைத்துக்கொண்டது, குளோன்மெல்லை மறந்துவிட்டது. 1847 செப்டம்பரில் எலிசவெத்கிராத் நகரில் (இன்றைய உக்ரேனின் க்ரொபிவ்னித்ஸ்கி) வாசித்ததோடு காசுக்கு வாசிப்பதை லிஸ்ட் நிறுத்திக்கொண்டார். அப்போது வயது 35. அதற்குப் பின் இன்னும் 39 வருடம் வாழ்ந்தார். வடிவத்தைக் கண்டுபிடித்தவரே அதிலிருந்து முதலில் தப்பியவரும் ஆகிறார்.

3

தப்ப முடியாதவர்கள் கதை வேறு. கிளாரா ஷூமன் 1837இல் பெர்லினில் பீத்தோவனின் 'அப்பஸியொனாத்தா' சொனாட்டாவை இசைத்தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசித்தார். அப்போது அவர் கிளாரா வீக். பதினெட்டு வயது நிரம்பாத பெண். எழுத்தாளர் பெட்டினா ஃபொன் ஆர்னிமுக்கு இது பொறுக்கவில்லை. என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு என்கிற தொனியில் அவர் கண்டித்தது இன்றுவரை மேற்கோளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைய வழக்கப்படி, அடுத்தவர் எழுதியதைத் தாள் இல்லாமல் வாசிப்பது அதைத் தன்னுடையதாகப் பாவிப்பது மாதிரி. தாள் எதிரில் இருப்பதே மரியாதை: இது என்னுடையதல்ல, நான் வாசிக்கிறேன், அவ்வளவுதான்.

பெட்டினாவை வம்புக்காரி என்று ஒதுக்குவது சுலபம். எனக்கென்னவோ அவர் ஒன்றைச் சரியாகக் கண்டுகொண்டார் என்றே படுகிறது. தாள் மேடையிலிருந்து மறைந்தால் பிரதி மறைகிறது. பிரதி மறைந்தால் வாசிக்கிறவரின் உடலிலிருந்தே இசை ஊறிவருவதுபோல ஒரு மாயை எழும்புகிறது. ஆனால் பெட்டினா காணாதது ஒன்று உண்டு. ஆண் செய்தால் மேதைமை, பெண் செய்தால் திமிர் என்ற கணக்கு. இத்தனைக்கும் கிளாரா பிரதிக்கு விசுவாசமாக வாசிப்பவர் என்று பெயரெடுத்தவர். ஜிகினா வேலைக்காரர்களின் காலத்தில் பீத்தோவனையும் பாக்கையும் மக்கள் முன் வைத்தவர். பிற்பாடு மனப்பாட வாசிப்பு எல்லாருக்குமான சட்டமாகிவிட்டது. அந்தச் சட்டத்துக்கு வழிபோட்டவர்களில் ஒருவரான கிளாராவையே, வயதானபின் மேடையில் நினைவு தவறிவிடுமோ என்ற பயம் பிடித்து ஆட்டியது.

அவருடைய பயணங்களைப் பாருங்கள். 1840இல் ராபர்ட் ஷூமனை மணந்தார். கணவர் எழுதும் நேரத்தில் வீட்டில் பியானோச் சத்தம் கேட்கக் கூடாது. ஆகவே இவருக்குச் சாதக நேரம் கிடையாது. 1844இல் ரஷ்யப் பயணம். கைதட்டல் இவருக்கு, கூடப்போன ராபர்ட்டுக்கு நோயும் மனக்கசப்பும். 1854 பிப்ரவரியில் ராபர்ட் ரைன் நதியில் குதித்து, காப்பாற்றப்பட்டு, பான் நகருக்கு அருகே எண்டெனிஹ் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். கிளாரா அப்போது கர்ப்பிணி. பிறந்த எட்டுக் குழந்தைகளில் ஒன்று முன்பே இறந்திருக்க, காப்பாற்ற வேண்டியது ஏழு. கடைசிக் குழந்தை ஜூனில் பிறக்கிறது. இலையுதிர் காலத்தில் இவர் மறுபடி பயணம் கிளம்பிவிடுகிறார். கணவரைப் பார்க்க மருத்துவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் அனுமதிக்கவில்லை. 1856 ஜூலையில் அவர் சாவதற்கு இரண்டு நாள் முன்புதான் பார்க்க முடிந்தது. 1891இல் ஃபிராங்ஃபர்ட்டில் வாசித்ததோடுதான் அவருடைய மேடை வாழ்க்கை முடிகிறது. அறுபது வருடத்துக்கும் மேலான வாழ்க்கை. 1,300க்கு மேற்பட்ட நிகழ்ச்சி நிரல்கள் மிஞ்சியிருக்கின்றன.

இந்த வாழ்க்கையைக் 'கலைக்கு அர்ப்பணித்த வாழ்வு' என்று எழுதிவிட்டுப் போனால் சௌகரியம்தான். ஆனால் இதற்குச் சரியான பெயர் உழைப்பு. பிள்ளைகளைப் பிறர் வீட்டிலும் விடுதியிலும் விட்டுவிட்டு, ரயிலேறி, வாங்கின காசை வீட்டுக்கு அனுப்பிய பெண்ணின் உழைப்பு. கைவலி வந்து எழுபதுகளில் சில பருவங்கள் வாசிக்கவே முடியாமல் போனதும் இந்தக் கணக்கில் வரவேண்டியது. லிஸ்ட் 35 வயதில் விட்டுவிட முடிந்தது, கிளாராவால் முடியவில்லை. மேடைத் தனிமையின் தத்துவம் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பேசுவதேயில்லை.

4

கையளிப்பு என்ற இரண்டாவது அர்த்தத்துக்கு வருவோம். 1872-73இல் ஆன்டன் ரூபின்ஸ்டைன் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார். பியானோ கம்பெனியான ஸ்டைன்வே பின்னணியில் இருந்த பயணம். 239 நாட்களில் 215 நிகழ்ச்சிகள். அதாவது பத்து நாளுக்கு ஒன்பது. ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சிக்கு 200 டாலர். பின்னாளில் இதை நினைத்துப் பார்த்தபோது ரூபின்ஸ்டைனுக்குக் கலை ஞாபகம் வரவில்லை, தொழிற்சாலை ஞாபகம்தான் வந்தது. கலைஞன் இயந்திரமாகிவிடுகிறான், தன்மேலேயே மதிப்புப் போய்விடுகிறது என்ற பொருளில் எழுதினார். பெரிய தொகை தருவதாக மறுபடி கூப்பிட்டபோது போகவில்லை.

மன்னராக மேடையேறிய கலைஞன் ஒரு தலைமுறைக்குள் சரக்காகிவிட்டான் என்று சட்டென்று முடித்துவிடலாம். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பின்தொடர்ந்தவை அல்ல, ஒன்றாகவே இருப்பவை என்பதுதான் என் வாதம். ஒரே ஒரு ஆள் இருந்தால் கொண்டுபோவது சுலபம், விளம்பரம் சுலபம், கணக்கு சுலபம். பாடகியும் வாத்தியக் குழுவும் இல்லாத கச்சேரி, நடத்துகிறவருக்கு மலிவான கச்சேரி. ரயில் பாதையும் வார்ப்பிரும்புச் சட்டம் போட்ட பியானோவும் இல்லாமல் இந்தத் தனிமை சாத்தியமே இல்லை. 88 கட்டைகள், இருநூறுக்கு மேல் கம்பிகள், மொத்தம் இருபது டன் அளவுக்கு இழுவிசை. பெரிய அரங்கின் கடைசி வரிசைவரை ஒற்றை ஆளின் ஒலி போய்ச் சேர்வதற்கு இவ்வளவு இரும்பு தேவைப்பட்டிருக்கிறது.

இந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதில்தான் பியானோக்காரரின் விசேஷக் கஷ்டம் இருக்கிறது. வயலின்காரர் தன் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார். அதன் குணம் அவருக்குத் தெரியும். 274 சென்டிமீட்டர் நீளம், ஐந்நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை என்றிருக்கிற பெரிய பியானோ அந்தந்த ஊரில்தான் நிற்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் முன்பின் தெரியாத வாத்தியம். ஒன்றில் கட்டை கனம், ஒன்றில் மேல்ஸ்தாயி கீச்சிடும், ஒன்றில் மிதி முனகும். மத்தியானம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அதோடு பழகியாக வேண்டும். மாதக்கணக்கில் விரலில் படிந்த ஒலியளவுகளை எல்லாம் கலைத்துப் புதிதாக அளக்க வேண்டும். தன் கைக்கு என்ன தெரியும் என்பதையே ஊருக்கு ஊர் மாற்றிக் கற்றுக்கொள்கிறவரின் பயணம் இது. வசதியுள்ள சிலர் சொந்தப் பியானோவையே கூடக் கொண்டுபோனார்கள். ஹொரொவிட்ஸ் அப்படி. போலந்துக் கலைஞர் கிறிஸ்டியன் ஸிமெர்மனும் அப்படித்தான். 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு நியூயார்க் விமான நிலையத்தில் அவருடைய பியானோவைப் பிடித்துவைத்து, பசையின் வாசனை வெடிமருந்து மாதிரி இருக்கிறதென்று சந்தேகப்பட்டு அழித்துவிட்டார்கள் என்ற செய்தி பரவலாக வந்தது. தனிக்கலைஞனின் பயணத்திலும் எல்லைக் காவலும் அரசும் நிற்கின்றன.

இவ்வளவு போதாதென்று சுருதி சேர்ப்பவர், சுமக்கிறவர்கள், விளக்குக்காரர், சீட்டு விற்கிறவர், ஹோட்டல் அறை போடுகிற ஏஜெண்டு. ஒரு ஆள் தனியாக மேடையில் தெரிவதற்கு இத்தனை பேர் தெரியாமல் இருக்க வேண்டியிருக்கிறது. தனிமை என்பது இங்கே ஒரு உணர்ச்சி ஆவதற்கு முன்பே ஓர் ஏற்பாடாக இருக்கிறது. ஏற்பாடு என்றதனால் பொய் என்று அர்த்தமில்லை. எல்லாரும் வேலையை முடித்துவிட்டு விலகிப்போன பிறகு, விளக்கு ஏறியதும், கலைஞனுக்குக் கை வியர்ப்பது நிஜம்தான். ராத்திரி கைதட்டல் முடிந்து மொழி தெரியாத ஊரின் அறைக்குத் திரும்பி, ஆறிப்போனதைச் சாப்பிடுவதும் நிஜம்தான்.

5

இந்த ஏற்பாட்டை உடைத்தவர் என்று கொண்டாடப்படுகிறவர் கிளென் கூல்ட். 1964 ஏப்ரல் 10ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் வாசித்துவிட்டு, 31 வயதில் மேடையை ஒரேயடியாக விட்டார். அதுவரை அவர் வாசித்த பொதுக்கச்சேரிகள் இருநூறைத் தாண்டாது என்பார்கள். ரூபின்ஸ்டைனின் ஒரு பருவத்துக்குக்கூடக் காணாது. கூல்டின் கண்ணில் கச்சேரி அரங்கு காளைச் சண்டை மைதானம். கூட்டம் வந்திருப்பது தவறு நடக்கிறதா என்று பார்க்க. ஒப்புவித்தலின் மூன்றாவது அர்த்தமான நிரூபணத்தைத்தான் அவர் குறிவைத்தார். அந்த இடத்தில் அவர் சொல்வது நியாயம். 1965 மே 9ஆம் தேதி, பன்னிரண்டு வருட மௌனத்துக்குப் பின் ஹொரொவிட்ஸ் கார்னகி ஹாலில் ஏறினார். ஆரம்பத்திலேயே தப்புச் சுரம் விழுந்தது. ஊரே அதைப் பேசியது. அந்தக் கச்சேரியின் இசைத்தட்டு வந்தபோது சில பிழைகள் சத்தமில்லாமல் திருத்தப்பட்டிருந்தன. திருத்தாத பதிவு 2003இல்தான் வெளியானது. ஒரே ஒரு தடவை, அந்தக் கணம், ரத்தமும் சதையும் என்று விற்கிறார்கள். விற்கும்போதே திருத்தியும் விடுகிறார்கள்.

கூல்ட் இதை ஒளிக்கவில்லை. பதிவறையில் வெட்டி ஒட்டுவதே இனி கலை என்றார். 1966இல் எழுதிய நீண்ட கட்டுரையில், பாக்கின் ஏ மைனர் ஃபியூக் ஒன்றை ஆறாவது தடவையும் எட்டாவது தடவையும் வாசித்ததிலிருந்து துண்டுகளை எடுத்துச் சேர்த்ததை விவரிக்கிறார். ஒன்று விறைப்பு, மற்றது துள்ளல். தனித்தனியாக இரண்டுமே அலுப்பு, சேர்த்தால் உயிர். இதைவிட முக்கியமாக, வருங்காலத்தில் கேட்பவரே தன் வீட்டில் வெட்டி ஒட்டித் தனக்கான வாசிப்பைச் செய்துகொள்வார், கலைஞன் கேட்பவன் என்ற படிநிலை கரைந்துபோகும் என்றார். கோட்பாடு பேசுகிறவர்களுக்குக் கூல்ட் தேனாக இனிப்பதில் ஆச்சரியமில்லை. ஆசிரியன் இறந்தான் என்று பாரீஸில் அறிவிப்பு வருவதற்கு முன்பே டொரண்டோவில் கச்சேரிக்காரன் இறந்துவிட்டான் அல்லவா.

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். மேடையை விட்டதால் கூல்ட் வாசகராகத் திரும்பவில்லை. ஆசிரியராகப் பதவி உயர்வு பெற்றார். அரங்கில் ஏதோ ஒன்று எப்போதும் கலைஞனின் கையை மீறியே இருக்கும்: இருமல், குளிர், முரண்டு பிடிக்கிற பியானோ, முகம் தெரியாத ஆயிரம் பேரின் கவனம். பதிவறை இதையெல்லாம் துடைத்து, எந்தத் துண்டு வாழும் எது சாகும் என்கிற முடிவை ஒருவர் கையில் கொடுத்தது. முடிவெடுக்க ஒலிப்பொறியாளர்கள் துணையிருந்தார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் பெயர் ஒருவருடையதுதான். கச்சேரி என்றால் நான்தான் என்ற லிஸ்ட்டின் வேடிக்கை கூல்டிடம் வேடிக்கை அல்ல. கேட்பவர் கைக்கு அதிகாரம் வரும் என்ற பகுதி என்ன ஆயிற்று? இன்றைக்குத் தொலைபேசியிலேயே வெட்டி ஒட்டுகிற வசதி இருக்கிறது. கூல்டின் ஒரு துண்டையும் இன்னொருவரின் துண்டையும் சேர்த்துத் தனக்கென்று ஒரு ஃபியூக் செய்துகொள்கிறவர் எத்தனை பேர்? நாம் செய்வதெல்லாம் பிடிக்காததைத் தாண்டிப் போவதுதான். ஒரு நூற்றாண்டில் பொதுக்கச்சேரி அழிந்துவிடும் என்று அதே கட்டுரையில் கெடு வைத்தார். கெடு முடிய இன்னும் வருடங்கள் இருக்கின்றன. அறிகுறி ஒன்றும் காணோம்.

ஆனாலும் கூல்டை நான் விட முடியாது. அவர் நம்பிய தொழில்நுட்பம் இல்லாவிட்டால் என்னைப் போன்றவனுக்கு இந்த இசையே இல்லை. அவருடைய பதிவுகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அவர் அழிக்க நினைத்தும் அழியாமல் நின்ற இடம்: வாசிக்கும்போது அவர் போடுகிற முனகல். அப்பா செய்து கொடுத்த அந்தக் குட்டை நாற்காலியின் கிரீச்சொலி. பொறியாளர்கள் எவ்வளவோ முயன்றும் போகவில்லை. அரங்கிலிருந்து துரத்தப்பட்ட உடல் பதிவுக்குள் ஒளிந்து உட்கார்ந்து முனகிக்கொண்டேயிருக்கிறது. பிரதியின் முன்னால் தன்னை மறந்த வாசகர் ஒருவர் வாய்விட்டு வாசிக்கிற சத்தம் அது. கூல்டின் கோட்பாட்டைவிட இந்த முனகல் உண்மையானது.

6

வெளியேறுவது ஒன்றே வழி என்றால் கிளாரா மாதிரி வெளியேற முடியாதவர்களுக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை. அரங்குக்குள் இருந்துகொண்டே அதை வேறாக்கிய இருவரை வைத்துப் பார்க்கலாம்.

ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டர் சோவியத் அரசின் காட்சிப்பொருளாக உலகத்துக்கு அனுப்பப்பட்டவர். அதே அரசுதான் 1941இல் ஒடெஸாவில் அவருடைய அப்பாவைச் சுட்டுக் கொன்றது. 1960 வரை அமெரிக்கா போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1980க்குப் பிறகான ஆண்டுகளில் ரிக்டர் அரங்கை இருட்டாக்கச் சொன்னார். ஒரே ஒரு சின்ன விளக்கு. அதுவும் இசைத்தாள்மேல் விழுகிற மாதிரி. பக்கத்தில் தாளைத் திருப்ப ஒருவர். முதுமையில் அவருடைய காது சுருதியைத் தள்ளிக் கேட்கத் தொடங்கிவிட்டது, ஆகவே தாள் தேவைப்பட்டது என்பது உண்மை. ஆனால் அவர் அதை ஒரு நிலைப்பாடாகவும் ஆக்கிக்கொண்டார்: பார்ப்பதற்கு இங்கே ஒன்றுமில்லை, எழுதியிருப்பதை வாசிக்கிறேன், கேளுங்கள். 1837இல் பெர்லினில் மறைந்த பிரதி மேடைக்குத் திரும்ப வருகிறது. வெளிச்சம் ஆசாமிமேல் இல்லை, பிரதிமேல். பக்கம் திருப்புகிறவர் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அது தனிமொழியும் இல்லை.

இடங்களையும் மாற்றினார். பிரான்ஸில் தூர் நகருக்கு அருகே பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தானியக் கொட்டகை ஒன்றில் 1964 முதல் விழா நடத்தினார். கூல்ட் மேடையை விட்ட அதே வருடம் என்பதைக் கவனியுங்கள். 1986இல் சைபீரியாவைத் தரைவழியாகக் கடந்து, வழியிலிருந்த சின்ன ஊர்களில் எல்லாம் வாசித்துக்கொண்டு கிழக்கே போனார். சோவியத் யூனியனில் ஒரு மேதைக்குக் கிடைத்த சலுகையால்தான் இது முடிந்தது என்று சொல்லலாம். யமஹா கம்பெனி பியானோவையும் அதைக் கவனிக்கிற ஆட்களையும் அனுப்பிவைத்தது என்றும் சொல்லலாம். இருட்டு மேடையே ஒரு புது மாயையைக் கட்டிவிடவில்லையா என்றும் கேட்கலாம். கட்டியது. இருட்டில் உட்கார்ந்த கிழவரைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அதிகாரத்திலிருந்து முழுசாகக் கழன்ற வடிவம் என்று எதையும் நான் காட்ட முடியாது. எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைத்தான் காட்டலாம்.

இன்னும் தூரம் போனவர் மைரா ஹெஸ். இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் லண்டனில் அரங்குகள் அடைபட்டன. தேசிய ஓவியக்கூடத்தின் படங்களைப் பாதுகாப்புக்காக வெளியூர் அனுப்பிவிட்டார்கள், வெறும் சுவர்கள். அந்த வெறும் சுவருக்குள் 1939 அக்டோபர் 10ஆம் தேதி மத்தியானம் ஒரு மணிக்கு ஹெஸ் பியானோ வாசித்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொஞ்சம் பேர் வந்தால் போதும் என்று எதிர்பார்த்த இடத்தில் வரிசை வெளியே நீண்டது. ஆபீஸ்காரர்கள், சிப்பாய்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தவர்கள். அங்கேயே சாண்ட்விச்சும் விற்றார்கள். குண்டு விழுந்த மாதங்களில் நிகழ்ச்சி கீழ்த்தளத்துக்கு இறங்கியது, நிற்கவில்லை. வாரத்தில் ஐந்து நாள் வீதம் 1946 ஏப்ரல் வரை 1,698 நிகழ்ச்சிகள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கேட்டிருக்கிறார்கள். பெயர் பெற்றவர், பெறாதவர் எல்லாருக்கும் ஒரே ஊதியம். ஹெஸ் தனக்கென்று எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. ஜெர்மனியோடு யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அங்கே பாக்கும் பீத்தோவனும் ஒலித்தார்கள்.

ஹெஸ் எத்தனை முறை வாசித்தார் என்பதைவிட, தான் வாசிக்காத நாட்களிலும் அது நடக்கும்படி செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒருவரின் பெயரை நம்பாத ஒரு பழக்கத்தை ஊருக்கு உண்டாக்கினார். லிஸ்ட்டின் வாசகம் அங்கே தலைகீழாகிறது: கச்சேரி என்றால் நான் இல்லை. மத்தியானம் ஒரு மணிக்குக் கதவு திறக்கும், யாராவது ஒருவர் வாசிப்பார், அவ்வளவுதான். தனியாக ஒருவர் வாசிப்பதை அங்கே யாரும் ஒழித்துவிடவில்லை. பல நாள் மேடையில் ஒரே ஆள்தான். ஆனால் அந்த ஒருவர், நேற்று வாசித்தவருக்கும் நாளை வாசிக்கப்போகிறவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

விமர்சனம் எழுதுகிற நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. கலைஞனின் தனிமையைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி எழுதுவதற்கு முன்னால், அந்த மேடையில் தாள் இருந்ததா, யார் புரட்டினார்கள், பியானோ யாருடையது, அன்றைக்குச் சீட்டு என்ன விலை, வீட்டில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று விசாரிக்கலாம். இவற்றைக் கேட்பதால் இசை ஒன்றும் குறைந்துவிடாது. கிளாராவின் வாசிப்பு ஒலியாக நமக்கு மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பது ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் நிகழ்ச்சித் தாள்கள். அவற்றையும் யாராவது உட்கார்ந்து வாசிக்கத்தான் வேண்டும்.